ரீகால் ஆன பழைய ஷெவர்லே போல்ட்: வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பழைய மின்சார கார் தேடினால் சீக்கிரமே ஷெவர்லே போல்ட் கண்ணில் படும். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் மாடலைப் பொறுத்து 238 முதல் 259 மைல். கார் சின்னது, நிறுத்த சுலபம். விளம்பரத்தைப் பார்த்த கையோடு யாராவது ஒருவர் "அது தீப்பிடிக்கிற கார் ஆச்சே" என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பேட்டரி தீப்பிடித்ததால்தான் நிறுவனம் இந்தக் கார்களை ரீகால் செய்தது, அதாவது இலவசமாகச் சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. ஆனால் பதில் காருக்குக் கார் மாறும். ஒரே டீலரிடம் நிற்கும் இரண்டு 2020 போல்ட்களில் ஒன்றுக்குப் புது பேட்டரி போட்டிருக்கலாம், மற்றொன்றுக்கு மென்பொருள் மட்டும் ஏற்றியிருக்கலாம். அரசின் ரீகால் தளத்தில் தேடினால் இரண்டுக்கும் "பாக்கி ரீகால் எதுவும் இல்லை" என்றுதான் வரும். விற்பவரும் பொய் சொல்லாமலேயே "ரீகால் முடிந்துவிட்டது" என்பார். எப்படி முடிந்தது என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்கார வேண்டும்.

ரீகாலின் கதை, வேண்டிய அளவு மட்டும்

முதல் ரீகால் 2020 நவம்பரில் வந்தது (எண் 20வி-701). 2017 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 68,000 கார்கள் அதில் அடங்கின. தற்காலிக ஏற்பாடாக, 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி மென்பொருள் போட்டார்கள். அந்த வேலை முடிந்த கார்களும் தீப்பிடித்ததால் 2021 ஜூலையில் இரண்டாவது ரீகால் வந்தது (21வி-560). அடுத்த மாதமே மூன்றாவது (21வி-650). அதோடு அதுவரை தயாரான போல்ட் எல்லாமே, புதிதாக வந்திருந்த சற்றுப் பெரிய வடிவமான போல்ட் இயுவி உட்பட, உள்ளே வந்துவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,42,000 கார்கள்.

குறை எல்ஜி தயாரித்த செல்களில் இருந்தது. செல்லின் எதிர்முனைத் தகட்டிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் மெல்லிய நாக்கு கிழிந்திருப்பது ஒன்று. இரு முனைத் தகடுகளும் ஒட்டாமல் நடுவே நிற்கும் பிளாஸ்டிக் தாள், அதாவது செப்பரேட்டர், மடிந்திருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தால்தான் ஆபத்து. அது அபூர்வம்தான். ஆனால் ஒரு போல்ட்டில் 288 செல்கள் இருக்கின்றன, லட்சத்துக்கும் மேல் கார்கள் ஓடுகின்றன. அபூர்வம் என்ற சொல்லை வைத்து ஆறுதல் அடைய முடியாது.

தீர்வு மாடல் ஆண்டைப் பொறுத்தது:

- 2017, 2018, 2019: எல்லாக் கார்களுக்கும் பேட்டரி மாற்றம். பழைய பேக் (செல்கள் எல்லாம் சேர்ந்த முழு பேட்டரி) 60 கிலோவாட் அவர், அதாவது 60 யூனிட். அதற்குப் பதிலாக வந்தது 2020 மாடலில் இருக்கும் 66 யூனிட் வகை. ஓடும் தூரம் 8 சதவீதம் வரை கூடும்.
- 2020, 2021, 2022-இன் முற்பகுதி: சிலவற்றுக்குப் பேட்டரி மாற்றினார்கள். 2023 நடுவில் திட்டம் மாறியது. மீதிக் கார்களுக்குக் கண்காணிப்பு மென்பொருள். அதை ஏற்றியதும் சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடும். சுமார் 6,200 மைல் ஓடும் வரை ஒவ்வொரு செல் தொகுப்பையும் மென்பொருள் கவனிக்கும். கோளாறு தெரிந்தால் பேட்டரி மாற்றம். தெரியாவிட்டால் வரம்பு தானாகவே நீங்கி 100 சதவீதம் ஏறும்.
- 2022 ஏப்ரலில் தயாரிப்பு மறுபடி தொடங்கிய பின் வந்தவையும் 2023 மாடல்களும் இந்த ரீகாலில் இல்லை.

வாங்குபவர் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயதில் மூத்த 2017 காரில் 2022-இல் போட்ட பேட்டரி இருக்கலாம். அதைவிட இளைய 2021 காரில் பிறவியிலேயே வந்த பேட்டரி இருக்கலாம். மற்றதெல்லாம் சமமாக இருந்தால், பேட்டரி மாற்றிய 2017–2019 காரே நல்ல பேரம்.

படி 1: நேரில் போகும் முன் வின் எண்

காரின் அடையாள எண்ணான 17 எழுத்து வின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: ஹெச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023. விளம்பரத்தில் போட்ட ஆண்டும் இதுவும் பொருந்துகிறதா பாருங்கள். 2022 கார் என்றால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் தெரியும் லேபிளில் தயாரித்த மாதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிறகு அதே எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போடுங்கள். கட்டணம் கிடையாது. அங்கே முடிக்கப்படாத ரீகால்கள் மட்டுமே தெரியும், முடிந்தவை மறைந்துவிடும். அதனால் பாக்கி என்று காட்டினால் அது உறுதியான தகவல். ஒன்றுமில்லை என்று காட்டினால் பாதித் தகவல்தான்.

இன்னொரு ரீகாலும் கண்ணில் படலாம். 2017 முதல் 2023 வரையிலான போல்ட்களுக்கு 2022 டிசம்பரில் அறிவித்த சீட் பெல்ட் ரீகால் அது. விபத்தின்போது பெல்ட்டை இறுக்கும் கருவியிலிருந்து வரும் சூடான வாயு தரைவிரிப்பைப் பற்றவைக்கக்கூடும். சின்ன வேலை, டீலரிடம் இலவசம். பேட்டரியோடு சம்பந்தமில்லை. இதைப் பார்த்துப் பதற வேண்டாம், முடித்துக்கொள்ள மறக்கவும் வேண்டாம்.

படி 2: டீலர் சர்வீஸ் பிரிவிலிருந்து எழுத்தில்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஷெவர்லே டீலர்கள் எல்லோரும் மின்சார கார் வேலை செய்வதில்லை. போல்ட் பேட்டரியைத் தொட அனுமதி பெற்ற டீலரா என்று முதலில் கேளுங்கள். உரிமையாளர் அல்லாதவருக்கு சர்வீஸ் வரலாறு தர மாட்டோம் என்று சிலர் மறுப்பார்கள், அது வழக்கம்தான். அப்படியானால் விற்பவரையே கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை:

1. பேட்டரி ரீகாலில் இந்தக் காருக்குச் செய்த வேலை என்ன, பேக் மாற்றமா, மென்பொருளா?
2. அது நடந்த தேதி, அப்போதைய ஓடோமீட்டர் அளவு, ரிப்பேர் ஆர்டர் (செய்த வேலையை டீலர் பதிந்த தாள்) நகல்.
3. பேட்டரி வாரண்டி எந்தத் தேதியில், எத்தனை மைலில் தொடங்கி எங்கே முடிகிறது?
4. மென்பொருள் என்றால், 6,200 மைல் கண்காணிப்பு முடிந்ததா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. காரின் அசல் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல். 2017 கார்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ரீகாலில் மாற்றிய பேட்டரிக்கு, மாற்றிய நாளிலிருந்து புதிதாக 8 ஆண்டு, 1,00,000 மைல் என்று ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2022 மார்ச்சில் மாற்றியிருந்தால் 2030 மார்ச் வரை காப்பு உண்டு. இந்த நீட்டிப்பு பேட்டரிக்கு மட்டும். மோட்டார், உள் சார்ஜர் போன்ற மற்ற மின் பாகங்களுக்குப் பழைய கணக்குதான். "எட்டு வருஷம் வாரண்டி இருக்கு" என்று விற்பவர் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

நான்காவது கேள்வியில் கணக்கு எளிது. மென்பொருள் ஏற்றியபோது ஓடோமீட்டர் 31,000, இப்போது 34,500 என்றால் இன்னும் 2,700 மைல் பாக்கி. அதுவரை 259 மைல் கார் 207 மைல் கார்தான். தினமும் 40 மைல் ஓடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை, விலையைக் குறைக்க நல்ல காரணம். நகரம் விட்டு நகரம் போகிறவர் தவிர்ப்பது நல்லது.

படி 3: டைட்டிலும் திரும்பப் பெறலும்

ரீகால் காலத்தில் அதிருப்தி அடைந்த பலரிடமிருந்து நிறுவனமே கார்களைத் திரும்ப வாங்கி, பேட்டரி மாற்றி, ஏலத்தில் விட்டது. அப்படி வந்த கார் சில மாநிலங்களில் "லெமன் சட்டத் திரும்பப் பெறல்" என்ற முத்திரையோடு இருக்கும் (குறையுள்ள காரைத் திரும்ப வாங்க நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவது லெமன் சட்டம்). கலிஃபோர்னியாவில் டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், குறிப்பும், இடது முன்கதவுச் சட்டகத்தில் ஒரு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்.

இந்த முத்திரை இருந்தாலே ஓட வேண்டியதில்லை. காரணம் பேட்டரி ரீகால்தான் என்று காகிதம் சொன்னால், அது புது பேட்டரி போட்ட நல்ல காராகவே இருக்கலாம். ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது அதே முத்திரை உங்கள் விலையைக் குறைக்கும். அதை இன்றே விலையில் கழியுங்கள். விபத்து, வெள்ளம் காரணமாக வந்த சால்வேஜ் டைட்டில் (சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிய காரின் பத்திரம்) வேறு கதை. அங்கே பேட்டரி வாரண்டி செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் வாங்காமல் தொடக்கூடாது. புதியவர்கள் தொடவே வேண்டாம்.

டீலரிடம் வாங்கினால் ரீகால் வேலையை முடித்துத்தான் விற்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பாக்கி ரீகாலோடு பழைய காரை டீலர் விற்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. ஜன்னலில் ஒட்டியிருக்கும் வாங்குவோர் வழிகாட்டித் தாளில் "உள்ளபடியே" என்று குறியிட்டிருந்தால் டீலர் தரப்பில் வாரண்டி இல்லை என்று அர்த்தம்.

படி 4: காரைப் பார்க்கும் நாள்

முந்தைய இரவு முழுதாக சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் போய் முழுதாக நிற்கிறதா பாருங்கள். 80 சதவீதத்தில் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: உரிமையாளரே திரையில் வைத்த வரம்பு, அல்லது ரீகால் மென்பொருள். சார்ஜ் அமைப்பில் இலக்கு அளவை 100-க்கு மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் ஏறவில்லை என்றால் மென்பொருள். 2017, 2018 மாடல்களில் இப்படி அளவு வைக்கும் வசதி இல்லை. 90 சதவீதம் அருகே நிறுத்தும் "ஹில்டாப் ரிசர்வ்" என்ற ஒரே பொத்தான்தான், அதை அணைத்துப் பாருங்கள்.

டேஷ்போர்டில் தெரியும் மைல் எண்ணை வைத்து பேட்டரியை மதிப்பிடாதீர்கள். அது முந்தைய ஓட்டத்தைப் பார்த்துச் செய்யும் ஊகம். குளிரில் ஹீட்டர் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டியவரின் காரில் நல்ல பேட்டரியும் 170 காட்டும். மெதுவாக ஊருக்குள் ஓட்டியவரின் காரில் சுமாரான பேட்டரியும் 260 காட்டும்.

உண்மையான கொள்ளளவுக்கு ஒரு கணக்கு உண்டு. முழு சார்ஜிலிருந்து ஓட்டி, நடுத்திரையில் "கடைசி முழு சார்ஜுக்குப் பின் செலவான மின்சாரம்" எத்தனை யூனிட் என்று பாருங்கள். சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறதோ அதால் வகுங்கள். 40 சதவீதம் குறைந்து 25 யூனிட் செலவாகியிருந்தால், 25 ÷ 0.40 = 62.5 யூனிட். 2017 காரில் இந்த எண் வந்தால் பேக் மாறியிருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

சிக்கல் என்னவென்றால், பழைய மாடல்களின் டேஷ்போர்டில் சதவீதம் எண்ணாக வராது, 20 கட்டங்களாகத்தான் வரும். ஒரு கட்டம் 5 சதவீதம். ஒரே ஒரு கட்டம் தவறாக எண்ணினால் மேலே உள்ள 62.5 என்ற விடை 56-க்கோ 71-க்கோ போய்விடும். பத்து மைல் டெஸ்ட் டிரைவில் இந்தக் கணக்கு போடுவது வீண். பாதி பேட்டரியாவது செலவாகும் அளவுக்கு ஓட்ட விட்டால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவிதான் வழி.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவியும், போல்ட்டுக்கான அளவீட்டுப் பட்டியலை ஏற்றிய ஒரு செயலியும் இருந்தால் சதவீதம், மதிப்பிட்ட கொள்ளளவு, செல் தொகுப்புகளின் வோல்டேஜ் எல்லாம் தெரியும். மலிவான கருவிகள் பாதியில் இணைப்பை விட்டுவிடும், கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள்.

288 செல்களும் மூன்று மூன்றாக இணைத்து 96 தொகுப்புகள், அவை வரிசையாகக் கோத்தவை. வரிசையில் பலவீனமான தொகுப்பு எதுவோ அதுதான் மொத்த பேக்கின் எல்லை. அது முதலில் காலியானால் மற்ற 95-இல் மிச்சமிருக்கும் மின்சாரம் பயன்படாது. கார் அரை மணி நேரம் நின்றபின் அதிகபட்ச, குறைந்தபட்ச தொகுப்பு வோல்டேஜைப் பாருங்கள். நல்ல பேக்கில் வித்தியாசம் வோல்ட்டின் நூறில் சில பங்குதான் இருக்கும். பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க, வேகமாக முடுக்கிவிடுங்கள். எல்லாத் தொகுப்புகளும் சேர்ந்து இறங்கி சேர்ந்து ஏற வேண்டும். ஒரே எண்ணுள்ள தொகுப்பு ஒவ்வொரு முறையும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கீழே போனால், அந்த எண்ணைக் குறித்து வைத்து டீலரிடம் காட்டும் வரை முன்பணம் தராதீர்கள்.

படி 5: ஃபாஸ்ட் சார்ஜ் இருக்கிறதா

2021 வரை டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் விருப்பத் தேர்வாகத்தான் வந்தது. சார்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள். வட்டமான சாக்கெட்டுக்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் இருந்தால் உண்டு. வட்டம் மட்டும் இருந்தால் இல்லை. பின்னால் சேர்ப்பது கட்டுப்படியாகாது.

இருந்தால் ஒரு முறை செருகிப் பாருங்கள். போல்ட்டின் உச்சம் சுமார் 55 கிலோவாட். பாதி நிறைந்ததும் வேகம் படிப்படியாகக் குறையும். பேட்டரி குளிர்ந்திருந்தால் ஆரம்பத்திலேயே அதில் பாதிதான் வரும். ஜனவரி காலையில் 24 கிலோவாட் வருவதைப் பார்த்து பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரை மணி ஓட்டிச் சூடாக்கி, 30 அல்லது 40 சதவீதத்தில் செருகினால்தான் சோதனைக்கு அர்த்தம்.

வீட்டு சார்ஜிங்: 2021 வரை உள் சார்ஜர் 7.2 கிலோவாட், 32 ஆம்பியர், அதற்கு 40 ஆம்பியர் பிரேக்கர். 2022 முதல் 11.5 கிலோவாட், 48 ஆம்பியர், 60 ஆம்பியர் பிரேக்கர்.

படி 6: மாற்றிய இடத்தைக் கண்ணால் பார்ப்பது

பேட்டரி பேக் சுமார் 960 பவுண்டு எடை, காரின் அடிப்பகுதி முழுக்கப் பரந்திருக்கும். மாற்றும்போது அடிமூடிகளைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, பேக்கை இறக்கி, புதியதை ஏற்றி எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இரண்டு. ஒன்று, அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளின் கிளிப்புகள். கைபேசியை நீட்டி அடியைப் படமெடுத்துப் பாருங்கள், தொங்கினால் தெரியும். இரண்டு, கூலன்ட் அளவு. குழாய்களில் தங்கிய காற்று ஓட ஓட வெளியேறி, தொட்டியில் அளவு குறையும். பானெட்டுக்குக் கீழே கூலன்ட் தொட்டிகள் தனித்தனியாக இருக்கும். கார் குளிர்ந்த நிலையில் ஒவ்வொன்றும் குறிக்கோட்டைத் தொட வேண்டும். பேட்டரிக்கான தொட்டியில் அளவு மிகவும் குறைந்தால் கார் சார்ஜ் ஏற்றவே மறுக்கலாம், அதை நீக்க டீலரிடம்தான் போக வேண்டும். குறைவாக இருந்தால் நீங்களாகத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். கலந்தே வரும் அதற்கான கூலன்ட் தவிர வேறு எதுவும் போகக்கூடாது.

டயர், பிரேக், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் எந்தப் பழைய காரிலும் பார்ப்பதுதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்சக்கரப் பக்கம் "டிக்" என்று சத்தம் வந்தால் ஆக்சில் பகுதி, பேட்டரி அல்ல.

ரீகால் பாக்கியுள்ள கார் கிடைத்தால்

மலிவாகக் கிடைக்கும், ஆசையும் வரும். ரீகால் வேலை உரிமையாளர் மாறினாலும் இலவசம்தான். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை சட்டப்படி அந்த உரிமை உண்டு. இருந்தாலும் முறையாகப் போங்கள். விற்பவரே டீலரிடம் வேலையை முடித்துத் தந்தபின் மீதிப் பணம் என்று எழுதிக்கொள்வது சிறந்தது. அவர் மறுத்தால், நீங்களே டீலரிடம் வின் எண்ணைக் கொடுத்து, இந்தக் காருக்கு பேக்கா மென்பொருளா, பாகம் வர எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

வேலை முடியும் வரை, ரீகால் நேரத்தில் நிறுவனம் சொன்ன விதிகள் உங்களுக்கும் பொருந்தும்: சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிச்சத் தூரம் 70 மைலுக்குக் கீழே போகக் கூடாது, சார்ஜ் முடிந்ததும் வெளியே நிறுத்த வேண்டும், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. அடுக்குமாடியில் மூடிய பார்க்கிங் மட்டுமே உள்ளவர்கள் பாக்கி ரீகால் காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பழைய கட்டுரைகளில் பழைய மின்சார காருக்கு 4,000 டாலர் வரை வரிச்சலுகை என்று படித்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 30-க்குப் பின் வாங்கிய கார்களுக்கு அது கிடையாது. இன்னும் அதைச் சொல்லி விலை பேசும் டீலர் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

வேறு கார் என்றால்

இதே கேள்விகள்தான், விடைகள் மாறும். ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக் 2019–2020 மாடல்களுக்கு 2021-இல் பேட்டரி மாற்றும் ரீகால் வந்தது. அங்கும் எல்ஜி செல்கள்தான். ஜாகுவார் ஐ-பேஸ் 2019 மாடலுக்கு 2024 ஆகஸ்டில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் ரீகால் வந்தது. மென்பொருள் வரம்பு தற்காலிகமா, அதை நீக்கும் வழி இருக்கிறதா என்று ஐ-பேஸில் கூடுதலாகக் கேளுங்கள். சொகுசு கார் பாதி விலைக்கு வருகிறது என்றால் அந்த வரம்பும் விலைக்குள் அடங்கியிருக்கும்.

வாங்கிய வாரத்தில்

முந்தைய உரிமையாளர் தன் கைபேசிச் செயலியிலிருந்து காரை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள். நீக்காவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும், கதவையும் அவரால் திறக்க முடியும். உங்கள் பெயரையும் முகவரியையும் நிறுவனத்தின் உரிமையாளர் தளத்தில் பதியுங்கள். அடுத்த ரீகால் கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் குப்பையில் விழக்கூடாது. ரிப்பேர் ஆர்டர் நகலையும் வாரண்டித் தேதிகள் அச்சான தாளையும் டைட்டிலோடு ஒரே உறையில் வையுங்கள். உங்களிடமிருந்து வாங்கப்போகிறவரும் இதே நான்கு கேள்விகளோடுதான் வருவார்.